டபுள் டிரைவர் பொருத்தம்

அப்பாவுக்கு ஜோடி தேட ஆரம்பித்தது சித்திரைக் கடைசியில். ஜோடி என்றால் லாரிக்கு. அம்மா சிதம்பரம் வண்டிகேட்டில் எங்கள் வீட்டு அடுப்படியில் திடமாகத்தான் இருந்தாள். ஜோடி தேடுவதில் முன்னால் நின்றவளும் அவள்தான்.

அப்பாவின் பெயர் கொளஞ்சியப்பன். இருபத்தாறு வருடமாக லாரி ஓட்டுகிறார். அவருடைய முதலாளி தேவநாதனுக்குக் கடலூரில், சிப்காட் போகிற சாலையில் ஆபீஸ். இந்த வருடம் அவர் புதிதாக ஒரு பதினான்கு சக்கர லாரி வாங்கினார். கேபினில் ஏசி. சீட்டுக்குப் பின்னால் ஆள் காலை நீட்டிப் படுக்க மெத்தை. கடலூரில் ஏற்றுகிற சரக்கு குஜராத்தில் அங்கலேஸ்வருக்கு இரண்டரை நாளில் போய்ச் சேர வேண்டும், ஒரு மணி நேரம்கூடத் தாமதம் ஆகக் கூடாது என்று சரக்குக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்கு டிரைவர் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் ஓட்ட வேண்டும். வண்டி நிற்கவே கூடாது.

வண்டி உனக்குத்தான், கூட வரும் ஆளை மட்டும் நீயே பார்த்துக்கொள் என்று தேவநாதன் சொல்லிவிட்டார். ஒரு மாதம் தவணை. ஆள் அமையாவிட்டால் லாரி வேறொருவருக்கு. அப்பாவுக்கு நெய்வேலி சாம்பல் லோடு. சாம்பல் லோடு என்றால் காலையில் ஏற்றிப் பக்கத்துச் சூளைகளில் கொட்டிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். காதிலும் மூக்கிலும் சாம்பல் அடைத்துக்கொள்ளும் என்பது அப்பாவின் கவலை. தினமும் வீட்டுக்கு வந்துவிடுவாரே என்பது அம்மாவின் கவலை. கல்யாணமான நாள் முதல் அவர்கள் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் ஒரே வீட்டில் இருந்ததில்லை. குடும்பம் சண்டையில்லாமல் நடப்பதற்கு அதுதான் காரணம் என்று அம்மா உறுதியாக நம்பினாள்.

ஆளை அப்பாவே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முதலாளி சொன்னதற்கும் காரணம் இருந்தது. அவர் அனுப்பிய ஐந்து பேர் ஓடிப்போயிருந்தார்கள். அப்பா சொன்னபடி, முதல் ஆள் ஓயாமல் பேசினார். இரண்டாம் ஆள் பேசவே இல்லை. மூன்றாமவர் கண்ணாடியைத் திருப்பி வைத்தார். நான்காமவர் தூக்கத்தில் பல்லைக் கடித்தார். ஐந்தாமவரிடம் ஒரு குற்றமும் இல்லை. அப்படி ஒரு மனிதனை எப்படி நம்புவது என்றார் அப்பா. அந்த ஐந்து பேரும் முதலாளியிடம் போய்ச் சொன்னது வேறு. கொளஞ்சி தூங்கும்போதும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, "கிளச்சுலேருந்து கால எடு" என்கிறாராம்.

அம்மா சின்னையனைக் கூப்பிட்டாள். சின்னையன் கல்யாணத் தரகர். மனை, கறவை மாடு, பழைய டிராக்டர் எல்லாமும் முடித்துக் கொடுப்பார். அம்மா அவருக்குத் தங்கை முறை. அதனால் அப்பா மச்சான். டிரைவருக்கு ஜோடி பார்க்கத் தெரியுமா என்று அம்மா கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"எல்லாம் ஒண்ணுதான் தங்கச்சி. ரெண்டு பேரு ஒரு ரூம்ல காலம் தள்ளணும். அந்த ரூமுக்குச் சக்கரம் இருந்தா என்னா, இல்லாட்டி என்னா."

பயோடேட்டா வேண்டும் என்றார். நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவள். வீட்டில் எழுத்து வேலை எது வந்தாலும் என்னிடம் வரும். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். குடி, பீடி கூடாது. வெற்றிலை பரவாயில்லை. வயது முப்பத்தைந்துக்கு மேல். குறட்டை கூடாது. சொந்த அபிப்பிராயம் கூடாது. சின்னையன் கடைசி வரியில் விரலை வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் மனசுக்குள் கேட்பது இதைத்தான், ஆனால் யாரும் எழுதித் தருவதில்லை என்று சொல்லி, அதை அடித்துவிட்டு 'அனுசரித்துப் போகிறவர்' என்று போடச் சொன்னார்.

முதலில் காட்டுமன்னார்கோயிலிலிருந்து ராஜ்கமல் வந்தான். அம்மா கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்திருந்தாள். எதற்கு இதெல்லாம் என்று அப்பா கேட்டார். வீடு தேடி வருகிறவர்களுக்கு வெறும் தண்ணீரா கொடுப்பது என்றாள். பெண்ணைப் பாடச் சொல்வதுபோல் இவனை ஓட்டச் சொல்ல வேண்டுமே. பக்கத்து வீட்டுக் குட்டியானை வண்டியை வாங்கி, எங்கள் சந்துக்குள் ரிவர்ஸில் விடச் சொன்னார் அப்பா. ஒரு கையாலேயே, ஒரு சுவரிலும் உரசாமல் விட்டான். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு கையில் அவன் போனைப் பிடித்திருந்ததைச் சாயங்காலம்தான் தெரிந்துகொண்டோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "வா, வா" என்று பின்னால் நடந்துபோகும் அப்பாவை, பாட்டு சேர்த்து ரீல்ஸ் போட்டிருந்தான். பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அப்பா அவனை வேண்டாம் என்றார்.

அடுத்து லால்பேட்டையிலிருந்து நூருல் அமீன் என்பவர் வந்தார். சவுதியில் ஒன்பது வருடம் டிரெய்லர் ஓட்டியவர். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு. அப்பா கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டார். தூக்கத்தில் வண்டி பிரேக் போட்டால் விழித்துக்கொள்வீர்களா என்றார். அப்பா பெருமையாக, கண்ணை மூடிக்கொண்டே எந்த கியரில் போகிறது என்று சொல்லிவிடுவேன் என்றார். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பஜ்ஜி நன்றாயிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். டீயை முழுக்கக் குடித்தார். போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா மூன்று நாள் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். குளிக்கப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். நான்காம் நாள் சின்னையன் வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னார்.

"அவுங்களுக்குப் புடிக்கலியாம், மச்சான்."

அப்பாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அதுவரை அவர்தான் மற்றவர்களை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். தன்னைப் பார்க்க வந்து, தின்றுவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள் என்பது அவருக்குப் புதிது. இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூக்கு பிடிக்கவில்லையா, பேச்சு பிடிக்கவில்லையா என்று காரணமாவது கேட்டுச் சொல்லச் சொன்னார். அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் நான்கு இடத்தில் அப்படி நடந்திருக்கிறது. "இப்பத் தெரியுதா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோற்றை மூடி வைத்தாள்.

தவணையில் பத்து நாள்தான் மீதி. இனிமேல் ஆளைப் பார்த்துப் பயனில்லை, ஜாதகத்தைப் பார்ப்போம் என்று அம்மா முடிவு செய்தாள். புவனகிரியில் ஜெயப்பிரகாஷ் என்று ஒரு டிரைவர் இருந்தார். அவர் ஜாதகத்தையும் அப்பா ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு நாங்கள் கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு ஜோசியரிடம் போனோம். அவர் கட்டத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், சின்னையனைப் பார்த்தார்.

"இதுல யாரப் பொண்ணா வெச்சிக் கணக்குப் போடறது?"

பெண் நட்சத்திரத்திலிருந்துதான் எண்ண வேண்டுமாம். சின்னையன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வண்டி நம்முடையது, ஏறி வருகிறவர் அவர், ஆகவே ஜெயப்பிரகாஷ்தான் பெண் என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பத்தில் ஒன்பது பொருந்தியது. ரஜ்ஜு மட்டும் இல்லை. அப்பாவுக்கு மகம், அவருக்கு மூலம், இரண்டும் பாத ரஜ்ஜு. சேர்த்து வைத்தால் வீடு தங்க மாட்டார்கள், ஊர் ஊராக அலைந்துகொண்டே இருப்பார்கள் என்று ஜோசியர் எச்சரித்தார்.

"அதுக்குத்தான சாமி சம்பளம் குடுக்குறாங்க" என்றாள் அம்மா.

ஜெயப்பிரகாஷை நாங்கள் எல்லோரும் விரும்பினோம். அப்பாவைப் போலவே முன்னந்தலை வழுக்கை. அப்பாவைப் போலவே சாம்பாரில் முருங்கைக்காயை ஒதுக்கி வைத்தார். ஏசி முதுகுக்கு ஆகாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. கடலூரில் லாரிக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கிளப்பியபோது தேவநாதனே கைதட்டினார்.

அந்த லோடு இருபத்தேழு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. இருவருக்கும் அவ்வளவு பிடித்துப்போனதுதான் கோளாறு. ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் தூங்க வேண்டும். இவர்கள் பாதி வழி தூங்காமல் பேசினார்கள். ஒருவரை விட்டு ஒருவர் சாப்பிட மனசு வரவில்லை, அதனால் வேளாவேளைக்கு வண்டியை நிறுத்திச் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஓசூரில் ஜெயப்பிரகாஷின் சின்னம்மா வீட்டுக்குப் போனார்கள். ஹரிஹரில் துங்கபத்திரையில் இறங்கிக் குளித்து, ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிட்டார்கள். எல்லாவற்றையும்விட, முறை மாற்ற வேண்டிய நேரம் வந்தால் அப்பா பின்னால் திரும்பிப் பார்ப்பாராம். பாவம், நன்றாகத் தூங்குகிறான், எழுப்ப வேண்டாம் என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவரும் தூங்கிவிடுவாராம். ஜெயப்பிரகாஷும் அப்படியே. கடலூர் ஆபீஸில் தேவநாதன் ஜி.பி.எஸ்ஸில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். புள்ளி நகரவே இல்லை.

திரும்பி வந்ததும் இருவரையும் எதிரில் நிற்க வைத்தார்.

"கொளஞ்சி, நான் வண்டிக்குத்தான் ரெண்டு பேரு கேட்டேன். தேனிலவுக்கு இல்ல."

ஜெயப்பிரகாஷைத் தஞ்சாவூர் லோடுக்கு மாற்றினார். அப்பா அன்று வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டார்.

இன்னும் ஒரே ஒரு லோடு, அதிலும் தாமதமானால் சாம்பல்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். இந்த முறை ஆளையும் அவரே போட்டார். பொருத்தமெல்லாம் பார்க்கவில்லை. அன்றைக்கு ஆபீஸில் சும்மா இருந்த ஒரே டிரைவரைக் கையைக் காட்டினார். அவர்தான் செபாஸ்டின்.

செபாஸ்டினுக்குக் கடலூர் முதுநகர். அப்பாவும் அவரும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. பண்ருட்டி பலாப்பழ மண்டியில் அப்பா லாரியை ரிவர்ஸ் எடுத்தபோது செபாஸ்டின் பின்னால் நின்று கை காட்டியிருக்கிறார். பாதியில் அவருக்குப் போன் வந்திருக்கிறது. அவர் போனில் பேசிக்கொண்டே கையை ஆட்ட, அப்பா அதை நம்பிப் பின்னால் போக, மண்டிச் சுவரும் நாற்பது பலாப்பழமும் போயின. அப்பா நேராகக் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் அவர் மேல் பிராது கொடுத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். விருத்தாசலம் தாண்டி மணவாளநல்லூரில் அந்தக் கோயில் இருக்கிறது. ஒருவர் மேல் குறை இருந்தால் அதைக் காகிதத்தில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, முனியப்பருக்கு முன்னால் உள்ள வேலில் கட்டிவிட வேண்டும். ஊரிலிருந்து கோயில் எத்தனை கிலோமீட்டர் என்பதைக்கூடச் சொல்ல வேண்டும். பிறகு சமாதானமாகிவிட்டால் சும்மா விட்டுவிட முடியாது. மறுபடி போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். அப்பா பெறவில்லை.

அவரோடு போக முடியாது என்று அப்பா சொன்னார். அம்மா ஒரு பழைய துண்டை எடுத்துவந்து, சாம்பல் லோடுக்குப் போகும்போது மூக்கில் கட்டிக்கொள்ள ஆகும் என்று அவர் முன்னால் வைத்தாள். அப்பா கிளம்பிப் போனார்.

லோடு நான்கு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது.

எப்படி என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் விஷயம். பேச ஆள் இல்லாததால் பின்னால் படுத்தவர் தூங்கினார். நான்கு மணி நேரம் முடிந்ததும் ஓட்டுகிறவர் கேபின் சுவரில் இரண்டு குத்து விடுவார். பாவம் தூங்கட்டும் என்று யாரும் நினைக்கவில்லை. இன்னும் ஒரு நிமிடம்கூட இவன் தூங்கக் கூடாது என்றுதான் நினைத்தார்கள். எதிரில் உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் இருவரும் பொட்டலம் வாங்கி வண்டியிலேயே சாப்பிட்டார்கள். அவசரமாகச் சொல்ல வேண்டியது வந்தால் தேவநாதனுக்குப் போன் செய்வார்கள். பின்பக்க இடது டயரில் காற்று குறைகிறது, அவனிடம் சொல்லுங்கள் என்று அப்பா கடலூருக்குச் சொல்வார். தேவநாதன் கடலூரிலிருந்து செபாஸ்டினைக் கூப்பிட்டுச் சொல்வார். செபாஸ்டின் அப்பாவுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார். மூன்று மாநிலம் தாண்டி இந்தத் தொலைபேசி வேலை நடந்தது. முதலாளிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இரண்டாவது லோடும் நேரத்துக்கு முன்னால் போனது. வண்டி அவர்களுக்குத்தான் என்று தேவநாதன் சொன்னார். ஆனால் ஒரு லோடு பிசகினாலும் பிடுங்கிவிடுவேன் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இதற்குள் அம்மாவுக்கும் செபாஸ்டினின் மனைவி சவரிமேரிக்கும் பழக்கம் ஆகியிருந்தது. ஆபீஸில் சம்பள நாளன்று பார்த்துக்கொண்டவர்கள், பிறகு தினமும் போனில் பேசினார்கள். இருவரும் ஒன்றைப் புரிந்துகொண்டிருந்தார்கள். குடும்பம் நிற்பது இந்தச் சண்டையில். அதை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் முன்னால் அம்மா சோறு போடும்போது, நீங்கள் மேட்டில் வண்டியைத் திணற விடுவதாக அவர் சொன்னாராம் என்று ஆரம்பிப்பாள். முதுநகரில் அதே நேரத்தில் சவரிமேரி மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே, உங்களுக்கு இண்டிகேட்டர் போடத் தெரியாதாமே என்பார். இருவரும் நன்றாகச் சூடேறிக் கிளம்பிப் போவார்கள். யார் என்ன சொன்னார்கள் என்பது மாறிப்போகாமல் இருக்க, அம்மா என்னிடம் சொல்லி வைப்பாள்.

மூன்றாவது லோடில் பெல்காமுக்குப் பக்கத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. கேபின் சுவரில் குத்து விழுந்தும் எழுந்திருக்க முடியவில்லை. செபாஸ்டின் திரும்பிப் பார்த்தார். வண்டியை ஒரு மருந்துக் கடை முன்னால் நிறுத்தினார். பிறகு அப்பாவின் முறையையும் சேர்த்து, நடுநடுவே கொஞ்சம் கண்ணயர்ந்து, அங்கலேஸ்வர் வரை அவரே ஓட்டினார். அப்போதும் பேசவில்லை. அப்பா கண் விழித்தபோது தலைமாட்டில் ஒரு பாட்டில் தண்ணீர், இட்லிப் பொட்டலம், ஒரு மாத்திரை அட்டை. அட்டையின் பின்னால் பேனாவால் எழுதியிருந்தது: காலை 1, இரவு 1. லோடு சொன்ன நேரத்துக்குப் போய்விட்டது.

அந்த மாத்திரை அட்டைதான் எங்கள் வீட்டுக்கு வந்த ஆபத்து.

அப்பா அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மாத்திரை தீர்ந்த பிறகும் எடுத்தெடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள், மனுஷன் என்றால் நன்றி வேண்டும், மணவாளநல்லூருக்குப் போய் ராஜினாமா கொடுத்துவிடப் போகிறேன் என்றார்.

அம்மாவின் கை இட்லித் தட்டிலேயே நின்றுவிட்டது. "பதினோரு வருஷம் கெடந்த பிராது. இன்னும் ஒரு வருஷம் கெடந்தா சாமி ஒண்ணும் கோச்சிக்காது."

"பாவம்டி அவன்."

பாவம் என்ற சொல்லை ஜெயப்பிரகாஷ் காலத்துக்குப் பிறகு அப்போதுதான் கேட்டோம். அம்மா உடனே முதுநகருக்குப் போன் செய்தாள். அங்கே நிலைமை இன்னும் மோசம். செபாஸ்டினும் வருகிறாராம். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாராம்.

"பதினோரு வருஷமா பஞ்சர் ஆனாக்கூட, கொளஞ்சி எழுதுன சீட்டுதான்னு சொல்றாருக்கா" என்றார் சவரிமேரி. "ஃபாதர்கிட்ட சொன்னோம். பயப்படாதன்னாரு. இவரு இன்னும் பயந்துக்கிட்டுதான் இருக்காரு. அந்தச் சீட்ட அவுக்கறதக் கண்ணால பாக்கணுமாம்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செபாஸ்டின் தன் தம்பியின் ஆம்னி வேனில் மனைவியோடு வந்தார். அடுத்த நாள் மதியம் கடலூரில் லோடு ஏற்ற வேண்டும். அப்பாவுக்குக் காய்ச்சல் விட்ட சோர்வு இருந்ததால் செபாஸ்டினே ஓட்டினார். அப்பா முன்னால் உட்கார்ந்தார். அம்மா, சவரிமேரி, நான் மூவரும் பின்னால்.

புவனகிரி வரை இருவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு, சாலை பரவாயில்லையே என்றார் அப்பா. போன வருடம் போட்டார்கள் என்றார் செபாஸ்டின். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. டயர், டீசல், டோல்கேட், சர்க்கரை நோய் எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள். சேத்தியாத்தோப்பில் டீ குடிக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். அங்கே ஒரு வடையைப் பிய்த்துப் பாதியை அவரிடம் கொடுத்தார். நாற்பது நிமிடம் ஆனது. வண்டியில் ஏறும்போது 'செபா' என்று கூப்பிட்டார். நாளைய லோடில் ஹரிஹரில் ஆற்றோரம் வண்டியைப் போட்டுவிட்டு ஒரு குளியல் போடலாம் என்றார். செபாஸ்டின் சிரித்துக்கொண்டே, போட்டால் போகிறது என்றார்.

பின்சீட்டில் அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். வலித்தது. சவரிமேரி ஜெபமாலையைக் கையில் எடுத்திருந்தார். இன்னும் ஒரு மாதத்தில் வண்டி போய்விடும், இருவரும் சாம்பலோடு சாம்பலாகத் தினமும் சாயங்காலம் வீடு வந்துசேர்வார்கள் என்பது அவர்கள் இருவர் முகத்திலும் எழுதியிருந்தது.

கோயிலில் கூட்டம் அதிகமில்லை. பிராது எழுதும் இடத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ராஜினாமா என்றதும் ஒரு தாளைக் கொடுத்தார். அப்பா அதை என்னிடம் நீட்டினார். பெயர் எழுதினேன். எதிர்க்கட்சிக்காரர் பெயர் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'சமாதானமாகிவிட்டோம்' என்று எழுதினேன். சவரிமேரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஊரு சிதம்பரம். எத்தன கிலோமீட்டரு?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"நாப்பத்தெட்டு" என்றார் அப்பா.

"அம்பத்தொண்ணு" என்றார் செபாஸ்டின். "மீட்டர் பாத்துதான் வந்தேன்."

அப்பா சிரித்தார். "அது நீ ஓட்டுனது."

"நான் ஓட்டுனா என்னா?"

"சேத்தியாத்தோப்புல நேரா வராம ஊருக்குள்ள வுட்டு வளச்ச."

"நீதான டீ குடிக்கணும்ன."

"டீதான் கேட்டேன். ஊர சுத்திக் காட்டச் சொன்னனா?"

நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். பின்னால் நிற்பவர்கள் இருக்கிறார்கள், ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் கண்ணாடிக்காரர். சாமிக்கு எழுதுவதில் பொய்க் கணக்கு வேண்டாம் என்றார் செபாஸ்டின்.

"எம் பேரே கொளஞ்சியப்பன். இந்தக் கோயிலு எத்தன கிலோமீட்டருன்னு நீ எனக்குச் சொல்றியா?"

"பெல்காம்லேருந்து ஒத்தையா ஓட்டுனனே, அப்ப மட்டும் என் ஓட்டு நல்லா இருந்துச்சா?"

"அதையும் பாத்தேன். படுத்துக்கிட்டே பாத்தேன். புனே ஏத்தத்துல மூணாவது கியர்ல இழுத்த பாரு, இஞ்சினு அழுவுது. ஜொரத்துல கெடந்தவன் நானே எழுந்து வந்துடலாமான்னு பாத்தேன்."

செபாஸ்டினுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பாவின் சட்டைப் பையில் தெரிந்த மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொடு என்றார். அப்பா எடுத்து மேஜை மேல் போட்டார்.

பிறகு என் கையிலிருந்த ராஜினாமாவை வாங்கி நான்காகக் கிழித்தார். பிராது எழுத வெள்ளைத் தாள் ஒன்று கேட்டார். இதே ஆள் மேல் ஏற்கனவே ஒன்று இருக்கிறது என்றீர்களே என்று கண்ணாடிக்காரர் கேட்டார். அது மண்டி கேஸ், இது வேறு என்றார் அப்பா.

"எனக்கும் ஒரு பேப்பரு குடுங்க சார்" என்றார் செபாஸ்டின்.

கண்ணாடிக்காரர் அவர் கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார். பிறகு தாளைக் கொடுத்தார். செபாஸ்டினுக்கு நாலு வார்த்தைக்கு மேல் எழுத வராது. கொஞ்சம் தயங்கி அதையும் என்னிடமே தந்தார். இரண்டையும் ஒரே பலகையில் வைத்து எழுதினேன். அப்பா, செபாஸ்டின் தூரத்தைக் கூட்டிச் சொல்கிற குற்றத்தைச் சொன்னார். செபாஸ்டின், ஜுரத்தில் கிடந்தபோதும் தன் கியரைக் குறை பார்த்த குற்றத்தைச் சொன்னார். அவர்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

முதுநகரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டபோது செபாஸ்டின் யோசித்தார்.

"வடலூர் வழியா அறுவத்திமூணு" என்றார் அப்பா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

செபாஸ்டின் அவரை ஒருமுறை பார்த்தார். "அறுவத்திமூணு எழுதும்மா" என்றார் என்னிடம்.

முனியப்பருக்கு முன்னால் இரண்டு பேரும் ஆளுக்கொரு வேலில் இறுக்கமாகக் கட்டினார்கள். அம்மா கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் சவரிமேரியும் நின்றுகொண்டிருந்தார், கண்ணை மூடி. திரும்பும்போது அப்பா பின்சீட்டில் உட்கார்ந்தார். அம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள். சிதம்பரம் வரை வேனில் ஒரு பேச்சு இல்லை. அம்மா மட்டும் இரண்டு முறை, காற்று நன்றாக வருகிறது என்றாள்.

மறுநாள் மதியம் லோடு கிளம்பியது. புதன்கிழமை மாலை தேவநாதன் அம்மாவுக்குப் போன் செய்தார். ஆறு மணி நேரம் முன்னதாகவே இறக்கிவிட்டார்களாம். இதுவரை யாரும் இவ்வளவு சீக்கிரம் போனதில்லையாம். கோயிலுக்குப் போயிருந்தீர்களாமே, என்ன வேண்டுதல் என்று கேட்டார். அவருடைய மற்ற டிரைவர்களையும் அனுப்பலாம் என்று பார்க்கிறாராம்.

"சமாதானம் பேசத்தான் போனோம் சார்" என்றாள் அம்மா. "நல்லவேள, நடக்கல."